வெறும் தண்ணீரில் நனைத்த துணி

எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மழை வந்தால் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் மொட்டைமாடிக்கு ஓடி, கொடியில் கிடக்கும் துணி அத்தனையையும் எடுத்துவிட வேண்டும். இது யார் துணி, அது யார் துணி என்றெல்லாம் பார்க்கக் கூடாது. எடுத்ததை மாடிப்படி முடியும் இடத்தில் கிடக்கும் பழைய மேசையில் போட்டுவிட்டால், அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். யாரும் எழுதி ஒட்டவில்லை. குடிவந்தவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான்.

நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து நனைந்தபடி வந்து, நேரே மாடிக்குப் போனேன். மேசை மேல் எல்லார் துணியும் குவிந்து கிடந்தது. கொடியில் எங்கள் துணி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. என் இரண்டு புடவை, அவர் சட்டை, போர்வை. பக்கத்திலேயே வேறு யாருடையதோ மாட்டியிருந்த கிளிப்புகள் காலியாக வரிசையாக நின்றன. எடுத்தவர் கை, எங்கள் துணியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

"புதுசுல்ல, யாரோடதுன்னு தெரிஞ்சிருக்காது," என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"தெரிஞ்சதுனாலதான்," என்றார் அவர். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். கோபம்கூட இல்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊர் பூரா ஏத்தி இறக்குறேன், எனக்கு மட்டும் மூணு மாடி நடை," என்று சிரிப்பார். எதையும் சிரித்தே கடந்துவிடும் மனுஷர். நான் அப்படி இல்லை. எனக்கு ஒன்று நடந்தால் அதை உள்ளே வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். வேறு காரணம் ஏதாவது கிடைக்காதா என்று தேடுவேன். பல நாள் கிடைத்தும்விடும்.

நாங்கள் என்ன சாதி என்று அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் தெரியும். மறைக்கவில்லை. குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கிற முதல்மாடி அம்மா, நாங்கள் சாமான் இறக்கிய அன்றே படியில் நின்று, சொந்த ஊர் எது, அங்கே எந்தத் தெரு, கோயிலுக்கு எந்தப் பக்கம் என்று சுற்றி வளைத்துக் கேட்டார். நான்தான் அவருக்குச் சிரமம் வைக்காமல் நேராகச் சொல்லிவிட்டேன். "அதனால என்னம்மா, இந்தக் காலத்துல யாரு அதெல்லாம் பாக்குறா," என்றார். சொல்லிவிட்டு, ஏறிக்கொண்டிருந்த எங்கள் பீரோவுக்கு வழிவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பீரோவுக்குத்தான் வழிவிடுகிறார் என்று நினைத்தேன். பிறகு வெறுங்கையோடு நான் ஏறும்போதும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டார்.

நான் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மடிக்கிற மேசை என்னுடையது. இயந்திரம் துவைத்துக் காயவைத்து அனுப்பும் விரிப்பு, போர்வை, நோயாளி அங்கி எல்லாம் எங்கள் கைக்கு வரும். எங்கள் மடிப்புக்கு ஒரு முறை இருக்கிறது. மடித்து முடித்ததும் கடைசி விளிம்பை உள்ளே செருகிவிட வேண்டும். துணி ஒரு பை மாதிரி தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும். தள்ளுவண்டியில் அடுக்கி வார்டுகளுக்குக் கொண்டுபோகும்போது ஒன்றுகூடச் சரியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கைக்கு ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இப்போது கையை நிறுத்துவதுதான் கஷ்டம்.

காலை ஷிஃப்ட் என்பதால் மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவேன். மழையும் அங்கே மத்தியானத்தில்தான் வரும். அந்த நேரத்தில் கீழ்வீடுகளில் எல்லாரும் தூங்குவார்கள், இல்லையென்றால் வேலையில் இருப்பார்கள். அடுத்த மழைக்கு மாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். என் துணியை எடுத்தேன். பிறகு மற்ற துணிகளையும் எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நல்லவள் என்று காட்டிக்கொள்ளவா? பார்க்க அங்கே யாரும் இல்லை. அவர்களுக்குப் பாடம் புகட்டவா? நனைய விட்டிருந்தால் அது பாடம். ஒருவேளை, அவர்கள் என்னைச் சேர்க்காத அந்த வழக்கத்துக்குள் நானே போய் உட்கார்ந்துகொள்ள ஆசைப்பட்டேனோ என்னவோ. கூப்பிடாத வீட்டுக்குக் கொல்லைப்பக்கமாகப் போகிற மாதிரி.

எடுத்ததைக் குவித்துப் போட எனக்குக் கை வரவில்லை. மடித்தேன். வீட்டுவாரியாகப் பிரித்து, மேசை மேல் அடுக்கிவிட்டு வந்தேன். பிறகு ஒவ்வொரு மழைக்கும் அதுவே நடந்தது.

எதிர்வீட்டு அக்காதான் முதலில் கண்டுபிடித்தாள்.

மூன்றாவது மாடியில் எங்கள் வீடும் அக்கா வீடும் மட்டும்தான். அவள் வீட்டுக்காரர் வங்கியில் வேலை. பையன் வெளியூரில் படிக்கிறான். சாயந்தரம் கீழ்வீட்டுப் பெண்கள் சிலர் அவளிடம் தையல் கற்றுக்கொள்ள வருவார்கள். எங்கள் பெண்ணும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மத்தியான நேரத்தில் அந்த மாடியில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒரு நாள் அக்கா தன் துண்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"இது உன் வேலைதானே?"

நான் பயந்துவிட்டேன். "மழை வந்துச்சுக்கா, அதான்..."

"எப்படிடி செருகின? பிரிக்கவே மனசு வரல. பரிசு சுத்தின மாதிரி இருக்கு. எனக்கும் சொல்லிக்குடு."

அந்த 'டி'. அந்தக் கட்டடத்தில் என்னை எல்லாரும் 'இந்தாம்மா' என்பார்கள், 'ஏம்மா' என்பார்கள். அது மரியாதை மாதிரி இருக்கும், ஆனால் ஒரு குச்சியை நீட்டி என்னைத் தள்ளி நிறுத்துகிற சத்தம் அதில் உண்டு. அக்கா முதல் நாளே 'டி' போட்டாள். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நான் வேறெங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தபடி பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த வயதில், ஒரு பெண் டீ குடிப்பதைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று எனக்கே அசிங்கமாக இருந்தது. சந்தோஷம் மட்டும் குறையவில்லை.

அப்புறம் தினம் வந்தாள். வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்வாள். "வங்கியில போட்ட காசுக்காவது வட்டி வரும், இந்தாளைப் பார்த்துச் சிரிச்சா அந்தச் சிரிப்புகூடத் திரும்பி வராது." மடிப்பு அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. செருகிய விளிம்பு பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இரண்டு பேரும் அதைப் பார்த்துச் சிரிப்போம். இந்த ஒரு கதவு திறந்திருந்தால் போதும், மற்றக் கதவுகள் எப்படியும் போகட்டும் என்று நான் ஒரு கணக்குக்கு வந்திருந்தேன். வீட்டுக்காரர் இரண்டு தடவை, வேறு வீடு பார்க்கலாமா என்றார். வேண்டாம் என்றேன். அக்காவுக்காகத்தான் வேண்டாம் என்றேன்.

ஒரு நாள் அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "கேளேன் கூத்தை. கீழ தலைவியம்மா என்னைப் பிடிச்சு ஒரே புகழ்ச்சி. 'உன் மடிப்பு மடிப்புதான்டி, என் மருமகளுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடு'ன்னு. எல்லாரும் நான்தான் மடிக்கிறேன்னு நினைச்சிட்டிருக்காங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? சிரிச்சிட்டு வந்துட்டேன். சொன்னா வீணா எதுக்கு..." என்று இழுத்தாள்.

வீணா எதுக்கு என்பதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்காதது மட்டுமல்ல, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. என் கை மடித்தது அவர்கள் பீரோவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. என்னை வாசலில் நிறுத்துகிறவர்களின் படுக்கையறை வரைக்கும் நான் போயிருக்கிறேன். அவர்கள் தினம் என்னை உடுத்திக்கொண்டு போகிறார்கள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு, வேலையில் விரிப்பு மடிக்கும்போது தனியாகச் சிரித்துக்கொள்வேன். மேசைக்கு எதிரே நிற்பவள், "என்ன, லாட்டரி விழுந்துச்சா?" என்று கேட்பாள்.

இன்னொரு நாள். வேலை நாள்தான். வெயில் நன்றாக இருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்து, துவைத்த துணியோடு மாடிக்குப் போனால் கொடியில் இடமே இல்லை. எல்லா வீட்டுத் துணியும் ஒரே நாளில் காய்ந்துகொண்டிருந்தது. சட்டை, புடவை, தலையணை உறை, ஜன்னல் திரை, குளிருக்கு எடுக்கிற கம்பளி. கொடி போதாமல் கைப்பிடிச்சுவர் மேலும் விரித்துக் கல் வைத்திருந்தார்கள்.

தலைவியம்மாவின் மருமகள் ஒரு பக்கெட்டோடு இன்னும் பிழிந்து பிழிந்து போட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் புதிதாக வந்தவள். கட்டடத்தில் யார் யார், எவர் எவர் என்று அவளுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

"என்னம்மா இது, வீட்டுல விசேஷமா?" என்றேன்.

"அய்யோ நீங்க வேறக்கா. கை எரியுது பாருங்க," என்று உள்ளங்கையைக் காட்டினாள். தோல் சிவந்து சுருங்கியிருந்தது. "பீரோவையே காலி பண்ணித் துவைக்கச் சொல்லிட்டாங்க. ஒரு வருஷத் துணி. யாரோ மேல் வீட்டுல இருக்கிறவ மழை வந்தா நம்ம துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிருக்காளாம். எதை அவ தொட்டா, எதைத் தொடலைன்னு யாருக்குத் தெரியும்? அதான் எல்லாத்தையும்..."

சொல்லிக்கொண்டே என் பக்கெட்டைப் பார்த்தாள். பிறகு நான் வந்த படியைப் பார்த்தாள். அவள் முகத்தில் அது ஏறுவதை நான் முழுதாகப் பார்த்தேன். பாவம், சின்னப் பெண். "இல்லக்கா, நான்..." என்று ஆரம்பித்து, பிழிந்ததையே திரும்பப் பிழிந்தாள்.

"கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவும்மா," என்றேன்.

அப்போதுதான் கடைசிக் கொடியைப் பார்த்தேன். அக்காவின் நீலப் புடவை. அக்கா வீட்டுக்காரரின் கோடு போட்ட சட்டை. என்னிடம் முதன்முதலில் கொண்டுவந்து காட்டிய அந்தத் துண்டு.

அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். ஒரு ஓரமாகத் திறந்தாள்.

"நீங்களுமா?"

"கத்தாத. உள்ள வா," என்றாள். பிறகு படியை எட்டிப் பார்த்துவிட்டு, "இல்ல, அங்கயே நில்லு, சொல்றேன்," என்றாள்.

அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. தலைவியம்மாவின் மகளுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அம்மா கூட இருந்திருக்கிறார். வார்டு அலமாரியைத் திறந்தால் அடுக்கு அடுக்காக அதே மடிப்பு. விளிம்பு உள்ளே செருகிய மடிப்பு. ஆயாவிடம் கேட்டிருக்கிறார். "இது சலவைக்காரங்க மடிப்பு, அவங்களைத் தவிர யாருக்கும் வராதும்மா," என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்று அம்மாவுக்குத் தெரியாதா? முதல் நாளே கேட்டு வைத்திருந்தாரே.

"நேத்து சாயந்தரம் கூப்பிட்டுக் கேட்டாங்க. 'நீ மடிக்கிறேன்னுதானே இருந்தோம்'னு. நான் என்ன பண்ணட்டும், சொல்லு? எனக்குத் தெரியாது, வேற யாரோன்னு நினைச்சேன்னு சொல்லிட்டேன்."

"சரி. துவைச்சது?"

அக்கா என் கையைப் பிடித்தாள். "சத்தியமாச் சொல்றேன்டி. சோப்புப் போடல. வெறும் தண்ணியில முக்கிப் போட்டேன். அவ்வளவுதான். எல்லாரும் துவைக்கும்போது நான் மட்டும் சும்மா இருந்தா என்ன பேசுவாங்க? அவங்க கண்ணுக்காகத்தான். எனக்கு உன்கிட்ட என்ன இருக்கு? உன் வீட்டுல டீ குடிக்கலயா நான்?"

நான் மறுபடி மாடிக்குப் போனேன். அவள் நீலப் புடவையின் முந்தானையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனையே இல்லை. என் வேலையே அது, எனக்குத் தெரியாதா? அக்கா சொன்னது உண்மைதான். பச்சைத் தண்ணீர்.

ஈர முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மற்றவர்கள் நான் தொட்டது அழுக்கு என்று நம்பித் துவைத்தார்கள். நம்பிக்கை அவர்களுடையது, எக்கேடோ கெடட்டும். இவளுக்கு அந்த நம்பிக்கை இல்லை. அழுக்கு இல்லை என்று தெரிந்தே நனைத்திருக்கிறாள். எது பெரிய அவமானம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் மனம் என்ன செய்தது தெரியுமா? சோப்புப் போடவில்லையே, சோப்புப் போடவில்லையே என்று அதையே பிடித்துக்கொண்டு தொங்கியது. அந்த அளவுக்கு எனக்கு அவள் வேண்டியிருந்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா பேரன் பிறந்தானே, எதுல சுத்திக் குடுத்தாங்க?"

"எங்க துணியிலதான்."

"அப்ப அவனையும் திரும்பத் துவைக்கச் சொல்லு."

சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்து, "வீடு பார்க்கவா?" என்றார். இந்தத் தடவையும் வேண்டாம் என்றேன். அவர் எதிர்வீட்டுக் கதவை ஒரு பார்வை பார்த்தார்.

அந்த வாரமே மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒரு புதுக் கொடி கட்டினார்கள். கட்டியவர் அக்காவின் வீட்டுக்காரர். சங்கம் சொன்னதாம். "உங்களுக்குன்னு தனியா இருந்தா வசதிதானே சிஸ்டர். இடத்துக்குச் சண்டை இல்ல, மழைக்கும் நனையாது," என்றார். மழைக்கு நனையாதுதான். வெயிலும் படாது. அங்கே போட்ட துணி காய்ந்தும் காயாமல் ஒரு மக்கல் வாடை அடித்தது. அதை உடுத்திக்கொண்டு படியிறங்கும்போது, அவர்கள் மூக்கைச் சுளிக்க இப்போது ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அக்கா வரவில்லை. படியில் பார்த்தால் கண்ணால் மட்டும் சிரிப்பாள், கீழே யாரும் இல்லை என்றால். மத்தியானங்கள் நீண்டுகொண்டே போயின. வேலையில் நாளெல்லாம் மடித்துவிட்டு, வீட்டிலும் மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன்.

பிறகு ஒரு மத்தியானம் வந்தாள். வந்ததும் முதல் வேலையாகக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். தன் வீட்டை வெளியே பூட்டிவிட்டு வந்திருந்தாள், எங்கேயோ போன மாதிரி.

"கீழ எல்லாரும் தூங்குறாங்க. அதான் வந்தேன். எப்படிடி இருக்க? எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும் போலிருக்கு, பேச ஆளில்லாம."

டீ போட்டேன். போடக்கூடாது என்று பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். கை தானாக அடுப்பைப் பற்றவைத்தது. அக்கா குரலைத் தாழ்த்திப் பேசினாள். நானும் தாழ்த்திப் பேசினேன். என் வீட்டில், பட்டப்பகலில், இரண்டு பெண்கள் திருட்டுத்தனம் செய்கிற மாதிரி டீ குடித்தோம்.

"மழைக்காலம் போகட்டும், எல்லாம் மறந்துடுவாங்க. அதுவரைக்கும் இப்படியே ஓட்டுவோம்," என்றாள். "கதவு சாத்தியிருந்தா யாருக்கு என்ன தெரியப்போகுது?"

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா டம்ளரைத் தரையில் வைத்தாள். செருப்பு நிதானமாக ஏறி வந்தது. எதிர்வீட்டுப் பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம். பிறகு தலைவியம்மாவின் குரல்.

"இந்தாம்மா, உள்ள இருக்கியா?"

அக்கா என்னைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினாள். எழுந்து, சத்தம் வராமல் கால்விரலில் நடந்து, எங்கள் படுக்கையறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் புடவையின் ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. அதையும் இழுத்துக்கொண்டாள்.

நான் கதவைத் திறந்தேன். அம்மா வாசலிலிருந்து நாலடி தள்ளி நின்றிருந்தார்.

"எதிர்வீட்டுல பூட்டியிருக்கே. மோட்டார் ரூம் சாவி அவகிட்டதான் இருக்கு. எங்க போயிருக்கான்னு தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அவர் இறங்கிப் போயிருப்பார். அக்கா வெளியே வந்து மூச்சு விட்டிருப்பாள். மிச்ச டீயைக் குடித்திருப்போம். நாளையும் வந்திருப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் கதவுக்குப் பின்னால் அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குக் கேட்டது. என் படுக்கையறையில் ஒளிந்து நிற்கிறாள், என்னோடு இருப்பது தெரியக்கூடாத ஒரு காரியம் என்று. அந்தக் காரியத்துக்கு நான் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"உள்ள இருக்காங்க," என்றேன்.

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. அக்கா வெளியே வந்தாள். வந்தவள் முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவ்வளவு சீக்கிரம் எப்படி ஒட்டினாளோ.

"வாங்கம்மா. உங்ககிட்டயே சொல்லணும்னு இருந்தேன். எனக்கு முழங்கால் வலி தாங்கல. வீட்டுல துணி மலையாக் கெடக்கு. இவ மத்தியானம் சும்மாதானே இருக்கா, வந்து துவைச்சு மடிச்சுக் குடுப்பாளான்னு கேக்க வந்தேன். சம்பளத்துக்குத்தான்."

தலைவியம்மாவின் முகம் தளர்ந்தது. நான் கண்ணால் பார்த்தேன், நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

"அட, அப்படிச் சொல்லு. காசு குடுத்து வெச்சுக்கிட்டா அது வேற விஷயம். ஆஸ்பத்திரியிலயும் அவங்கதானே பண்றாங்க. சும்மா அவளா வந்து நம்ம துணியில கை வைக்கிறதுதான் தப்பு." என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக ஓரடி முன்னால் வந்தார். "ஏம்மா, எனக்கும் வந்து பண்ணிக் குடேன். பொண்ணு குழந்தையோட வந்திருக்கா, மருமகளுக்குக் கை புண்ணாயிடுச்சு. உன் மடிப்பு நல்லாத்தான் இருக்கு, சொல்றதுக்கு என்ன."

அக்கா அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எனக்குக் கண் காட்டினாள். சரின்னு சொல்லு என்கிற கண். அதில் குற்ற உணர்வு துளியும் இல்லை. சந்தோஷம்தான் இருந்தது. எல்லாருக்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம். இனி நான் அவள் வீட்டுக்குள் பகிரங்கமாகப் போகலாம், எல்லார் துணியையும் தொடலாம், மத்தியானம் முழுக்கப் பேசலாம். பக்கத்து வீட்டுக்காரியாக இல்லாமல் இருந்தால் போதும். எனக்கு இவ்வளவு நல்லது செய்கிறோம் என்று அவள் உண்மையாகவே நினைத்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"வேலைக்குப் பேச வரலைங்க," என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது. "டீ குடிக்க வந்தாங்க. ரொம்ப நாளா வர்றாங்க. அந்தக் கட்டில்லதான் உக்காருவாங்க. எங்க டம்ளர்லதான் குடிப்பாங்க. துணியக்கூட அன்னிக்கு சோப்புப் போட்டுத் துவைக்கல, சும்மா தண்ணியில முக்கிக் காயப்போட்டாங்க. நீங்க பாக்கணும்னு."

தலைவியம்மாவின் பார்வை தரையில் இருந்த இரண்டு டம்ளருக்குப் போனது. அங்கிருந்து அக்காவின் வாய்க்குப் போனது. மேலுதட்டில் டீ இன்னும் காயாமல் இருந்தது. அக்கா புறங்கையால் துடைத்துக்கொண்டாள். துடைத்திருக்க வேண்டாம்.

"சாவியக் குடு," என்றார் அம்மா. கையை நீட்டவில்லை. "அந்தப் படியில வை, எடுத்துக்கிறேன்."

சங்கம் கூடவில்லை, யாரும் சத்தம் போடவில்லை. அதெல்லாம் எங்கள் கட்டடத்தில் வழக்கம் கிடையாது. மோட்டார் ரூம் சாவி வேறு வீட்டுக்குப் போனது. அக்காவிடம் தையல் கற்றுக்கொள்ள வந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குப் பரீட்சை. அக்கா படியிறங்கும்போது மேலே வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். அவளுடைய வீட்டுக்காரர், அவரே கட்டிய கொடியை ஒரு நாள் வந்து, இனி தங்கள் துணிக்கும் அதில் இடம் இருக்குமா என்று அளக்கிற மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

நான் நினைத்திருந்தேன், இனி மறைக்க ஒன்றுமில்லை, அக்கா வருவாள் என்று. எல்லாரும் அவளை விட்டுவிட்டால் எனக்கு மட்டும் மிஞ்சுவாள் என்று. நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாயைத் திறந்து அந்த வார்த்தைகளைச் சொன்னபோது, அதற்கு அடியில் அந்த ஆசை பதுங்கியிருந்திருக்கிறது. உண்மையைச் சொன்னேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்ளலாம். வீட்டுக்காரர்கூட, "நல்லாக் குடுத்த," என்றார். நான் கொடுத்தது அவளுக்கு. அவர்களிடமிருந்து வாங்கியதை அவளுக்குக் கொடுத்தேன்.

இரண்டு கதவுகளும் எதிரெதிரே சாத்தியே கிடந்தன.

ஒரு காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தேன். அக்கா காய்கறிப் பையோடு ஏறி வந்தாள். இளைத்திருந்தாள். படி குறுகல். நான் சுவர்ப்பக்கம் ஒதுங்கினேன். அவளும் அதே நேரத்தில் ஒதுங்கினாள். இரண்டு பேர் முதுகும் சுவரில் ஒட்டியிருக்க, நடுவில் படி காலியாகக் கிடந்தது.

"இப்ப சந்தோஷமா?" என்றாள்.

குரலைத் தாழ்த்தாமல், கட்டடம் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். அவளுக்கு இனி யாருக்குப் பயம்?

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அன்று அந்த அம்மாவின் பார்வை அக்காவின் வாய்க்குப் போன அந்த நொடியில், நான் இத்தனை நாளும் தனியாகத் தூக்கிக்கொண்டிருந்ததை இன்னொருத்தி தலையிலும் ஏற்றிவைத்த அந்த நொடியில், எனக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். படியிறங்கினேன். மேலே அவள் பூட்டைத் திறக்கும் சத்தமும், தாழ்ப்பாள் விழும் சத்தமும் கேட்டன. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.